எதிர்வீட்டு ஜன்னலும் இரண்டு ஸ்பீக்கர்களும்

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து வந்தது. நீங்கள் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுத் தோட்டச் சுவரில் இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன. மழை, வெயில் எதற்கும் அசையாத வகை என்று கடையில் சொன்னார்கள். வாங்கி ஏழு மாதம். வாரண்டி இரண்டு வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டும் போயின. முதலில் இடது. பாட்டுக்குள் மணல் விழுந்தது போல ஓர் அரைப்பு, பிறகு ஒன்றுமில்லை. பத்து நிமிடத்தில் வலது. கழற்றித் துடைத்து, வாங்கிய பெட்டியிலேயே வைத்து, சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன்.

பன்னிரண்டாம் நாள் பெட்டி திரும்பி வந்தது. உள்ளே அதே ஸ்பீக்கர்கள். மேலே ஒரு தாள். தாளில் இரண்டு கட்டங்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் ‘தயாரிப்புக் குறை’. மற்றதற்குப் பக்கத்தில் ‘தவறான பயன்பாடு’. இரண்டாவதில் டிக். கீழே புழு நெளிந்தது போல ஒரு கையெழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில்: முடிவை ஏற்காதவர்கள் முப்பது நாளுக்குள் மறுபடி எழுதலாம், சத்தம் அளவாகவே இருந்தது என்று அக்கம்பக்கத்தார் ஒருவர் கையெழுத்திட்ட சாட்சிக் கடிதத்தோடு.

அந்தப் புழுக் கையெழுத்தின் மேல் வந்த கோபம்தான் இந்தக் கதையின் விதை.

(விதை என்று எழுதியிருக்கக் கூடாது. எல்லாரும் விதை என்கிறார்கள். கோபம் வந்தது, உட்கார்ந்து எழுதினேன். அவ்வளவுதான்.)

கையெழுத்துப் போட்ட ஆளை எனக்குத் தெரியாது. தெரியாத ஆளை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அவரைப் பொய்யராக்குவது என்று முடிவு செய்தேன். நல்ல ஸ்பீக்கரை வேண்டுமென்றே தள்ளுபடி செய்தவர். ஏன் செய்தார்? லஞ்சம் பொருந்தாது, ‘இல்லை’ என்று எழுதுவதற்கு யார் லஞ்சம் தருவார்கள்? சோம்பல் பொருந்தாது, டிக் எந்தக் கட்டத்தில் போட்டாலும் ஒரே உழைப்புதான். யோசித்து யோசித்து அவருக்குப் பொறாமையைக் கொடுத்தேன்.

பொறாமை எங்கிருந்து கிடைத்தது என்று பின்னால் சொல்கிறேன்.

2

தொடக்கங்கள்.

“உலகத்தில் உள்ள பொறாமைகளிலெல்லாம் —”

விட்டுவிட்டேன். உலகத்தில் ஆரம்பித்தால் ஸ்பீக்கருக்கு வந்துசேர நாளாகும்.

“அவன் கெட்டவன்.”

இந்த ஒரு வரியை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வரி வரவில்லை. கெட்டவன் என்று சொல்லிவிட்ட பிறகு அவன் செய்வதற்கு என்ன மிச்சம்?

“சர்வீஸ் சென்டரில் எல்லாரும் அவரை மூக்கு என்று கூப்பிட்டார்கள்.”

இது நகர்ந்தது.

3

சர்வீஸ் சென்டரில் எல்லாரும் அவரை மூக்கு என்று கூப்பிட்டார்கள். காரணம் உண்டு. பழுதான ஸ்பீக்கரின் முன்வலையைக் கழற்றியதும் மற்றவர்கள் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு குனிந்து முகர்வார். உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கருகியிருந்தால் ஒரு வாடை வரும். சூடான இஸ்திரிப் பெட்டியில் தலைமுடி பட்டது போல. அது வந்தால், ஸ்பீக்கர் தாங்குகிற அளவுக்கு மேல் சத்தம் வைத்திருக்கிறார்கள். வராவிட்டால் தப்பு கம்பெனியுடையது. திருப்புளியும் மீட்டரும் அதற்குப் பிறகுதான். இருபத்தோரு வருடத்தில் மூக்கு சொன்னதை மீட்டர் ஒருமுறைகூட மறுத்ததில்லை.

அன்று காலை அவர் பெஞ்சின் மேல் ஒரு பெட்டி இருந்தது. அனுப்பியவர் முகவரியை ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். தெருப் பெயர் அவருடைய தெரு. கதவு எண் எதிர் வரிசை.

“அக்கா, இந்தப் பெட்டி எப்ப வந்துச்சு?”

சூப்பர்வைசர் அவரைவிட நாலு வயது சின்னவர். இருந்தாலும் எல்லாருக்கும் அக்கா.

“காலைலதான். ஏன், சொந்தக்காரங்களா?”

“எதிர் வீடு.”

“அடடே. அப்ப நல்லபடியா பாத்துக் குடுத்திடுங்க. தினமும் அவங்க மூஞ்சியிலதானே முழிக்கணும்.”

“முழிக்கிறேன்” என்றார் மூக்கு.

மதியம் வரை பெட்டியைத் திறக்கவில்லை. வேறு ஐந்து பெட்டிகளை முடித்தார். நடுநடுவே திரும்பி அதைப் பார்த்தார். அது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவருக்கு இதமாக இருந்தது.

4

மூக்குக்கு என்ன வயிற்றெரிச்சல் என்றால், ஜன்னல்.

அவர் வீட்டுச் சமையலறை தெருவைப் பார்த்தது. ஏழு மாதத்துக்கு முன்பு வரை அந்த ஜன்னலைத் திறந்து அவர் பார்த்ததில்லை. தாழ்ப்பாள் துருவேறிக் கிடந்தது. எதிர்வீட்டுக்காரன் தோட்டத்தில் ஸ்பீக்கர் மாட்டிய மறுவாரம், தாழ்ப்பாளில் எண்ணெய் மின்னியது. மாலை ஆறு மணிக்கு ஜன்னல் திறந்தது. பாட்டு உள்ளே வந்தது. அவர் மனைவி அதன் முன்னால் நின்று வெங்காயம் நறுக்கினாள்.

[மனைவி: முதலில் அவளை அழகி என்று எழுதினேன். அடித்துவிட்டேன். பிறகு அழகில்லை என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டேன். அழகைப் பற்றி எனக்கு உண்மையில் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கை. ஏன் கை மட்டும் என்பதையும் பின்னால் சொல்கிறேன். பின்னால் சொல்ல வேண்டியவை கூடிக்கொண்டே போகின்றன.]

“என்ன, பாட்டா?” என்று ஒருநாள் கேட்டார்.

“எந்தப் பாட்டு?”

“தெருவுக்கே கேக்குது. உனக்குக் கேக்கலையா?”

“நான் காத்துக்குத் திறந்தேன். புகை போகட்டும்னு.”

அடுப்பு அணைந்திருந்தது.

கொசு வருகிறது என்று ஜன்னலைச் சாத்தினார். ஆறு ஐந்துக்குத் திறந்திருந்தது. சமையலறைக்கு ஒரு ரேடியோ வாங்கிவந்தார். “எதுக்குங்க இவ்வளவு செலவு” என்று சிரித்தபடி வாங்கி, அதன் மேல் வெங்காயக் கூடையை வைத்தாள். அவர் விடவில்லை. எதிர்வீட்டில் எந்தெந்தப் பாட்டு வருகிறது என்று வாசலில் செருப்புத் துடைக்கிற சாக்கில் நின்று கேட்டார். அதே பாட்டுகளை அதே வரிசையில் தன் போனில் ஏற்றினார். ஒரு மழை நாளில், எதிர்வீடு அமைதியாக இருந்தபோது, போனைச் சமையல் மேடையில் வைத்துப் போட்டார்.

“கொஞ்சம் சத்தத்தைக் குறைங்களேன்” என்றாள். “தலை வலிக்குது.”

அதே பாட்டு. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பாட்டு அதேதான். கொண்டுவந்து கொடுத்த ஆள்தான் வேறு.

எதிர்வீட்டுக்காரனிடம் அப்படி என்ன இருக்கிறது என்று மூக்கு பலமுறை பார்த்தார். தனி ஆள். வழுக்கை விழத் தொடங்கிய தலை. மாலையில் தோட்டத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பெரிய வேலை இருப்பவன் போல மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எழுதி யாரும் பார்த்ததில்லை.

[இந்தப் பத்தியை எழுதச் சிரமமாக இருந்தது. வழுக்கை என்னுடையது.]

அந்த ஞாயிறு பாட்டு அரைபட்டு நின்றபோது, ஜன்னலில் நின்றவளின் கத்தியும் நின்றது. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு ஜன்னலைச் சாத்தினாள். மூக்கு அன்று இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார். ருசித்துச் சாப்பிட்டார்.

5

மதியம் மூன்று மணிக்குப் பெட்டியைத் திறந்தார். முன்வலையைக் கழற்றினார். கண்ணை மூடிக் குனிந்தார்.

ரப்பர் வாடை. லேசாக மழை வாடை. வேறொன்றுமில்லை.

காயிலை வெளியே எடுத்தார். செம்பு புதிதாக மின்னியது. காயிலைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய பசை ஒரு பக்கம் விட்டிருந்தது. காயில் சாய்ந்து காந்தத்தில் உரசி, கம்பி அறுந்திருக்கிறது. பாட்டு வைத்தவன் மேல் ஒரு தப்பும் இல்லை. செய்தவன் மேல்தான். மற்றதையும் திறந்தார். அதிலும் பசை.

மூக்கு இரண்டு காயிலையும் பெஞ்சில் அடுத்தடுத்து வைத்தார். கருகியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். மனசாட்சிக்கும் மனசுக்கும் ஒரே டிக்கில் வேலை முடிந்திருக்கும்.

அக்கா வந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன சொல்லுது மூக்கு?”

“பசை விட்டிருக்கு அக்கா.”

“ரெண்டுலயுமா?”

“ரெண்டுலயும்.”

“ஒரே நாள்லயா? பேசி வெச்சுக்கிட்டு விட்டுச்சா?”

[அக்காவை நான் இப்படிப் பேச வைக்கவில்லை. அவர் ஒரு வரி பேசிவிட்டுப் போக வேண்டியவர். ஆனால் கேட்டது நியாயமான கேள்வி. ஒரே நாளில், பத்து நிமிட இடைவெளியில், இரண்டு ஸ்பீக்கரிலும் பசை விடாது. இந்த வேலை தெரிந்த வாசகர்கள் இங்கே புத்தகத்தை மூடிவிடுவார்கள். தெரியாதவர்கள் தொடரலாம்.]

மூக்கு பெட்டியை எடுத்துக் கவிழ்த்தார். பெட்டியின் அடியில் ஒரு கவர் ஒட்டியிருந்தது. பிரித்தார். சாட்சிக் கடிதம். முதல் வரியைப் படிப்பதற்கு முன்பே எழுத்தைத் தெரிந்துகொண்டார். பால் கணக்கு எழுதும் அதே சாய்ந்த எழுத்து. பத்தொன்பது வருடமாக அவர் வீட்டுக் காலண்டரில் இருக்கும் எழுத்து.

“நான் இவருக்கு எதிர் வீட்டில் குடியிருக்கிறேன். மாலை ஆறு மணியிலிருந்து ஏழு பத்து வரை பாட்டு வைப்பார். செவ்வாய்க்கிழமை கிடையாது. சத்தம் ஒருநாளும் அதிகமாக இருந்ததில்லை. எங்கள் சமையலறையில் கத்தி பலகையில் படும் சத்தத்தைக்கூட அது மறைத்ததில்லை. ஏழு மாதமும் நான் கேட்டிருக்கிறேன்.”

மூக்கு அதை மூன்று முறை படித்தார். செவ்வாய்க்கிழமை கிடையாது என்பது அவருக்கே தெரியாது. செருப்பைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்தவருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்தது.

‘தவறான பயன்பாடு’ என்று டிக் போட்டால், மனைவி பொய் சொன்னதாகத் தன் கையால் எழுதியதாகும். அந்தத் தாள் நேராக எதிர்வீட்டுக்குப் போகும். அங்கிருந்து அவளிடம் வரும். ‘தயாரிப்புக் குறை’ என்று போட்டால் பத்து நாளில் புது ஸ்பீக்கர் வரும். ஆறு மணிக்கு ஜன்னல் திறக்கும்.

டிக் போடாமல் வீட்டுக்குப் போனார்.

6

“லெட்டர் எழுதிக் குடுத்தியா?”

“குடுத்தேன். வந்து கேட்டாரு, குடுத்தேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை.”

“உங்ககிட்டதான் வரும்னு எனக்கு எப்படித் தெரியும்? அங்க நாப்பது பேர் வேலை பாக்குறீங்க.”

“அன்னைக்குக் காத்துக்குன்னு சொன்னே.”

“காத்துலதானே வருது?”

மூக்கு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “சிரிக்காதே. எனக்குக் கோவமா வருது.”

“நீங்க பாட்டைப் பத்திக் கேட்டதெல்லாம் போலீஸ் மாதிரி. போலீஸ்கிட்ட யாராவது தனக்குப் பிடிச்ச பாட்டைச் சொல்லுவாங்களா?”

“நானும் அதே பாட்டைத்தானே போட்டேன்?”

“போட்டுட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னீங்க. எப்படிக் கேக்கறது?”

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள்.

“என்ன எழுதப் போறீங்க?”

“மூக்கு என்ன சொல்லுதோ அதை.”

“அப்ப எனக்குக் கவலையில்லை” என்று உள்ளே போனாள்.

அடியாக விழுந்தது அதுதான். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பார். நம்பிவிட்டுப் போய்விட்டாள்.

7

மறுநாள் காலை மூக்கு பேனாவை எடுத்தார்.

மூக்கு பேனாவை எடுத்து முதல் கட்டத்தின் மேல் —

மூக்கு பேனாவை எடுத்து இரண்டாவது கட்டத்தின் மேல் —

மூக்கு பேனாவைக் கீழே வைத்தார். அக்கா கேட்டது அவர் காதிலேயே நின்றது. ஒரே நாளில் இரண்டுமா? காயிலை மறுபடி கையில் எடுத்தார். கண்ணை மூடி மறுபடி முகர்ந்தார்.

சூடான இஸ்திரிப் பெட்டியில் தலைமுடி.

நான் அதை எழுதவில்லை. அவராகவே முகர்ந்தார். செம்பு மின்னியது என்றுதான் ஐந்தாம் பகுதியில் எழுதியிருக்கிறேன், வேண்டுமானால் திருப்பிப் பாருங்கள். இருபத்தோரு வருட மூக்கை நானே கொடுத்துவிட்டு, அதனிடமே பொய்யான காயிலையும் கொடுத்தேன். அது எத்தனை பகுதிக்குத் தாங்கும்?

8

சரி. சொல்லிவிடுகிறேன்.

எதிர்வீட்டில் சர்வீஸ் சென்டர்காரர் யாரும் இல்லை. ஒரு கணவன், மனைவி. அவர் ஏதோ ஆபீஸில் வேலை பார்க்கிறார். தெருவில் இருவரும் போவதைப் பார்த்திருக்கிறேன். அவள் முன்னால் பேசிக்கொண்டே போவாள். அவர் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போவார். அவர் சொல்வது ஏதோ கேட்டுத் திரும்பிச் சிரிப்பாள். அந்த மனிதருக்கு இது எப்படிக் கிடைத்தது என்று நினைப்பேன். ஒருமுறை அல்ல. பார்க்கிற ஒவ்வொரு முறையும்.

ஸ்பீக்கர் மாட்டிய வாரம், ஒரு மாலை ஆறு மணிக்கு, அவர்கள் ஜன்னல் திறந்தது. திரைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு கை தெரிந்தது. மணிக்கட்டில் வளையல் வெயிலில் மின்னியது. மறுநாள் முதல் சரியாக ஆறு மணிக்குப் பாட்டு வைத்தேன். ஜன்னல் சரியாக ஆறு மணிக்குத் திறந்தது. செவ்வாய்க்கிழமை எனக்கு வெளியே வேலை. மற்ற ஆறு நாளும் அந்தக் கைக்காகப் பாட்டுத் தேர்ந்தெடுத்தேன். காலையிலேயே பட்டியல் போடுவேன். மடியில் இருந்த நோட்டில் எழுதியது அதுதான். ஏழு மாதம் ஒரு கதைகூட எழுதவில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை ஜன்னல் திறக்கவில்லை. வெள்ளி திறக்கவில்லை. சனி திறக்கவில்லை. அவன் கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தேன். அவன்தான் சாத்தி வைத்திருக்கிறான். (அதுவரை ‘அவர்’ என்று எழுதியவன் இங்கே ‘அவன்’ என்கிறேன். மாற்றவில்லை. அப்படித்தான் நினைத்தேன்.)

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருப்பினேன். பாதி. முக்கால். அதற்கு மேல் திரும்பாத வரை. மூடிய ஜன்னலுக்குள்ளும் போகட்டும் என்று. இடது ஸ்பீக்கர் அரைத்து நின்றது. குறைத்திருக்கலாம். குறைக்கவில்லை. வலதின் முன்னால் போய் நின்று, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவும் சாகும் வரை.

வாடை வந்தது. அதைக் கண்டுபிடிக்க யாரும் சர்வீஸ் சென்டரில் இருபத்தோரு வருடம் உட்கார வேண்டியதில்லை.

“சத்தம் பாதி அளவைத் தாண்டியதே இல்லை” என்று எழுதிப் பெட்டியை அனுப்பினேன். தவறான பயன்பாடு என்று பதில் வந்தது. புழுக் கையெழுத்துக்காரர் சரியாகத்தான் எழுதியிருந்தார்.

9

சாட்சிக் கடிதம் வேண்டுமே. பெட்டி வந்த மூன்றாம் நாள் தெருவைக் கடந்தேன். அவள் கதவைத் திறப்பாள் என்று சட்டை மாற்றிக்கொண்டு போனேன்.

அவர் திறந்தார். தோளில் கைத்துண்டு. கையில் கத்தி.

“வாங்க சார், வாங்க வாங்க!” உள்ளே திரும்பிக் கத்தினார். “ஏய், பாட்டு சார் வந்திருக்காரு!”

அந்த வீட்டில் எனக்கு ஒரு பெயர் இருந்தது.

“ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சே சார், ஒண்ணும் கேக்கலையே. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பேசிக்கிட்டிருந்தோம்.”

உள்ளேயிருந்து அவள் குரல்: “நீங்க பாட்டை நிறுத்தினதுல எனக்குத்தான் சார் நிம்மதி. ஆறு மணி ஆனா போதும், ஜன்னலைத் திறந்து போட்டுக்கிட்டு வெங்காயம் நறுக்குறேன்னு நிப்பாரு. அரைக் கிலோ வெங்காயத்துக்கு ஒரு மணி நேரம். கொசுக்கடி எனக்கு.”

“உனக்கு ரசனை கிடையாது, பேசாம இரு.”

“ரசனை இருக்கிறவங்க வெங்காயத்தைக் கொஞ்சம் பொடியா நறுக்கலாம்.”

நான் கத்தி பிடித்த கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் எவர்சில்வர் பட்டை போட்ட ஒரு பழைய கடிகாரம். வாசல் வெளிச்சத்தில் மின்னியது. ஏழு மாதமாக மின்னியது அதுதான்.

“அந்த ஞாயித்துக்கிழமை…” என்று ஆரம்பித்தேன்.

“ஞாயிறா? அப்ப நாங்க ஊர்லயே இல்லையே சார். புதன் ராத்திரியே எங்க அக்கா வீட்டுக்குப் போனோம். திங்கக்கிழமைதான் வந்தோம். ஏன் சார்?”

தாளை நீட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். எந்த விஷயத்தை என்று உங்களுக்குத் தெரியும்.

“இவ்வளவுதானா? குடுங்க.” கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். “செவ்வாய்க்கிழமை கிடையாதுன்னு போடவா சார்? அப்பத்தானே நான் நெஜமாவே தினமும் கேட்டேன்னு நம்புவாங்க.” கத்தி பலகையில் படும் சத்தம் என்பதும் அவர் போட்டதுதான். போட்டுவிட்டு, நன்றாக வந்திருக்கிறதா என்று என்னைப் பார்த்தார். எழுதுகிறவன் பார்வை. என்னால் அப்படி ஒரு வரி எழுத முடிந்ததில்லை என்பது அங்கேயே தோன்றியது.

“நாங்க இல்லாத நாலு நாளையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கேன் சார். அன்னைக்கு மட்டும் நீங்க ஏன் சத்தமா வெக்கப் போறீங்க?”

கையெழுத்துப் போட்டார். முழுப் பெயர், தெளிவாக.

10

கதை ஒரு கடிதத்திலிருந்து வந்தது என்று முதல் வரியில் சொன்னேன். அது பொய் இல்லை. எந்தக் கடிதம் என்பதில்தான் பொய். பெட்டியில் வந்த தாள் இல்லை. இந்தக் கடிதம்.

மனைவியின் கடிதம் என்று ஐந்தாம் பகுதியில் கொடுத்தது இதைத்தான். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. கையெழுத்தை மட்டும் மாற்றினேன்.

அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, நன்றி சொல்ல வேண்டியவரைப் பொறாமைக்காரர் ஆக்கினேன். போலீஸ் மாதிரிக் கேட்பவராக்கினேன். செருப்புத் துடைக்க வைத்தேன். ரேடியோ வாங்கிவர வைத்து, அதன் மேல் அவளை வெங்காயக் கூடையை வைக்கச் சொன்னேன். என்னிடம் இருந்ததையெல்லாம் அவர் தலையில் கட்டினேன். அவர் வீட்டில் நடந்தது வேறு. என் பாட்டு ஓட, அதன் மேல் அவர்கள் இருவரும் கொசுவைப் பற்றியும் வெங்காயத்தைப் பற்றியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழு மாதம் அவர்கள் குடித்தனத்துக்கு நான் பின்னணி வாசித்திருக்கிறேன்.

திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இதை எழுதும்போதும் எரிகிறது. முன்பு ஒரு கைக்காக எரிந்தது. இப்போது அந்தச் சண்டைக்காக.

11

முடிவுகள்.

அ. மூக்கு ‘தயாரிப்புக் குறை’ என்று டிக் போடுகிறார். புது ஸ்பீக்கர் வருகிறது. ஆறு மணிக்கு மனைவியோடு அவரும் ஜன்னலில் நிற்கிறார். இதை எழுதிப் பார்த்தேன். பன்னிரண்டு வரி. படிக்க இனித்தது. கருகிய காயிலை என்ன செய்வது என்று தெரியாமல் கிழித்தேன்.

ஆ. மூக்கு ‘தவறான பயன்பாடு’ என்று போடுகிறார். காயில் கருகியிருப்பதால் அது உண்மை. பொறாமைப்படுகிறவர் சொல்வதால் அவர் மனைவி அதை நம்பப்போவதில்லை. இது பொருத்தமாக உட்கார்ந்தது. உண்மையைச் சொல்லி அவர் தோற்கிறார். நான் பொய் சொல்லியும் தோற்கவில்லை. அதனால் இதையும் கிழித்தேன்.

இ. மூக்கு தெருவைக் கடந்து எதிர்வீட்டுத் தோட்டத்துக்கு வந்து, என் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, “சார், நெஜமா சொல்லுங்க, எவ்வளவு வெச்சீங்க?” என்று —

இதற்கு மேல் வரவில்லை.

12

இன்று இருபத்தொன்பதாம் நாள். கடிதம் மேஜையில் இருக்கிறது. கவர் இன்னும் ஒட்டவில்லை. தபால் பெட்டி தெருமுனையில். போட்டால், அனேகமாக ஸ்பீக்கர் கிடைக்கும். அவ்வளவு நல்ல கடிதம் அது. ஒரு பொய்யின் கீழே ஒரு நல்ல மனிதரின் முழுப் பெயர் இருக்கும், அது பொய் என்று அவருக்குத் தெரியாமலே. போடாவிட்டால், ஏன் போடவில்லை என்று அவர் கேட்பார். சொல்ல வேண்டும். குமிழை எவ்வளவு திருப்பினேன் என்பதில் ஆரம்பித்தால் எதற்காகத் திருப்பினேன் என்பதில்தான் போய் நிற்கும்.

கதையை முடித்தால் தெரிந்துவிடும் என்று இருபத்தாறு நாளாக எழுதினேன். தெரியவில்லை. கட்டங்கள் இரண்டும் இதோ, உங்களுக்கு:

☐ தயாரிப்புக் குறை

☐ தவறான பயன்பாடு

மணி ஆறு. எதிர்வீட்டு ஜன்னல் திறக்கிறது. பாட்டு இல்லை என்று தெரிந்தும் திறக்கிறார். கடிகாரம் மின்னுகிறது. என்னைப் பார்த்துக் கத்தியை உயர்த்திக் காட்டுகிறார்.

“என்ன சார், பதில் வந்துச்சா?”

தெரு அமைதியாக இருக்கிறது. அவர் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, குனிந்து நறுக்கத் தொடங்குகிறார். கத்தி பலகையில் படும் சத்தம் கேட்கிறது. ஒரு தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. பாட்டு வைத்த ஏழு மாதத்தில் அது எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

நான் எழுந்து வாசல் பக்கம் நடக்கிறேன். கையில் கவர் இருக்கிறதா என்று நான் எழுதப்போவதில்லை.